படப்பையில் ஒரு பொய் சொல்லாதவர்

என் அக்கா புருஷன் ரகுபதி வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு, கண்ணாடி போட்ட ஒரு ஜார்ஜ் வாஷிங்டன் படம். செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் படித்தபோது பேச்சுப் போட்டியில் கொடுத்தார்களாம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி சின்னப் பையனாக இருந்தபோது அப்பா வளர்த்த செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டிவிட்டான். யார் வெட்டியது என்று அப்பா கேட்டதும், எனக்குப் பொய் சொல்ல வராது, நான்தான் வெட்டினேன் என்று ஒத்துக்கொண்டான். இதுதான் கதை. இதைக் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லியிருக்கிறார். அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது மூன்றே பேர், அதில் ஒருவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று அவரோடு படித்தவர் ஒருவர் பின்னால் எனக்குச் சொன்னார்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே மனுஷன் மிச்ச வாழ்க்கையை ஓட்டினார். பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு செர்ரி மரத்தை வெட்டினார். என் அப்பா அசந்துபோனார். பொய் சொல்லத் தெரியாத மாப்பிள்ளை கிடைப்பது லேசா என்று கேட்டு இந்திராணியைக் கட்டிக்கொடுத்தார். படப்பையில் சொந்த லேத் பட்டறை இருப்பதாக அதே பஜ்ஜியோடு சொல்லியிருந்தார். பட்டறை அவருடைய பெரியப்பாவுடையது என்பது கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்தது. அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் அன்றைக்குப் பற்றிய எரிச்சல் இன்னும் அணையவில்லை.

எப்படியோ பெரியப்பாவுக்குப் பிறகு பட்டறை இவர் கைக்கு வந்தது. அதைப் பெரிதாக்கி, படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, லாரிக்கு வேண்டிய வாஷர், கிளாம்ப் மாதிரியான சின்னச் சாமான்களைத் தகட்டில் அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஆரம்பித்தார். பெயர் வாஷிங்டன் பிரஸ் பார்ட்ஸ். பிரஸ் மிஷின்களில் நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். மணிமங்கலத்திலிருந்தும் சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். மேற்பார்வைக்கு அப்பாவு என்று ஒரு போர்மேன். பரிசுப் படம் ஆபீஸ் அறையில் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை வெளேரென்று சுருட்டிவிட்ட முடி, கழுத்தில் ஜரிகை மாதிரி மடிப்பு மடிப்பான துணி, மீசை இல்லாத பருத்த முகம், இறுக்கி மூடிய வாய். கொட்டகையில் வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் அது ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்றே நினைத்திருந்தார்கள். முதலாளிக்கு முதல் போட்டுத் தொழில் வைத்துக்கொடுத்த புண்ணியவதி என்று ஒரு கதையும் அவர்களாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளியம்மாள் என்ற ஆபரேட்டர் தினமும் காலையில் மிஷினைத் தொடுவதற்கு முன்னால் தன் தலையிலிருந்து ஒரு துண்டு பூவைக் கிள்ளி அந்தம்மாவுக்கு வைப்பாள். மாமாவுக்கு அது தெரியும். ஏன் வைக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன் தலைவர்மேல் தொழிலாளிகளுக்கு இருக்கும் மரியாதை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருடைய தொழில் சூட்சுமத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த நாள் நெருங்கும்போது மாமா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ரொம்ப இளைத்துவிட்டாய் அம்மா, கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடு என்பார். இதற்குப் பிரேக் என்று பெயர். சில வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார். கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதை அவர் மட்டும் செய்தார் என்று சொல்லமாட்டேன், அந்தச் சாலையில் பலரும் செய்தார்கள். ஆனால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு செய்தார்கள். இவர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொரி, சுண்டல் கொடுத்து, செர்ரி மரத்தையும் வெட்டிக் காட்டி, உண்மையே உயர்வு தரும் என்று பேசிவிட்டு அதன்பின் செய்தார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க். அக்காவுக்காக வருஷா வருஷம் பூஜைக்குப் போவேன். அன்றைக்கு ஆபீஸ் படங்களைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். தொண்ணூறாம் வருஷப் பூஜையில்தான் அது நடந்தது. அப்போது மாமாவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. பழகிய கைகள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் மாட்டிக்கொள்வார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? சுண்டல் கொடுத்துக்கொண்டே, அடுத்த வருஷம் கிளியம்மாளைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறேன், அவளுக்குப் பிறகு ஒவ்வொருத்தராக என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கிளியம்மாள் தட்டவில்லை.

“வாயால சொன்னது போதும் சார். கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க.”

மாமா சிரித்துப் பார்த்தார். அவள் தட்டில் கற்பூரத்தை ஏற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிள்ளையார் முன்னாலும் வைக்கவில்லை, லட்சுமி முன்னாலும் வைக்கவில்லை. முதலாளி யாருக்கு அதிகம் பயப்படுவார் என்று அவள் கணித்தது அப்படி. மாமா வேறு வழியில்லாமல் உள்ளங்கையால் எரிகிற கற்பூரத்தை அமுக்கி அணைத்தார். அடுத்த பூஜைக்குள் கிளியம்மாள் பர்மனென்ட் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

தொண்ணூற்றொன்று பிறந்தது. அந்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்றால் உலகத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஜூலையில் டில்லியில் புதுக் கொள்கை அறிவித்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரும் என்று பேப்பரில் படித்ததிலிருந்து மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அமெரிக்காக்காரன் ஒரகடத்துக்கு வந்தால் முதலில் தன் ஆபீஸ் படத்தைத்தான் பார்ப்பான், பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வான் என்று நம்பினார். படத்துக்குப் புதுச் சட்டம் போட்டார். கொட்டகைக்குக் கக்கூஸ் போடச் சொல்லிப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அப்புறம் என்றார்.

செப்டம்பரில் ஒருநாள் என் டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே கிளியம்மாள் நின்றாள். வரிசை கலையும்வரை ஓரமாகக் காத்திருந்தாள். அவள் புருஷன் ராமன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டில் கிடக்கிறான் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பிரேக்கிலும் அந்த வீட்டில் அடுப்பெரிவது குறையும்.

“சார், உங்க மாமா கற்பூரம் அணைச்சப்போ நீங்களும் அங்கதான் நின்னுகினு இருந்தீங்க. எனக்கு மறுபடி நாள் கிட்ட வந்துடுச்சு. இந்த வாட்டி அனுப்பினாருன்னா திரும்பக் கூப்பிட மாட்டாரு. என் மிஷின்ல சின்னப் பொண்ணு ஒண்ணு இப்பவே நின்னு கத்துகினு கீது. பர்மனென்ட்டுன்னா இந்த வருசம், இல்லாட்டி இல்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொன்னேன். மாமா பதிலுக்குச் செர்ரி மரத்தை எடுத்தார். என்னைப் பார்த்து, வாஷிங்டன் படத்தைச் சும்மா மாட்டவில்லை மச்சான், யோசித்துத்தான் செய்வேன் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒருத்தியை ஆக்கினால் எல்லாரும் கேட்பார்களே என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இந்த ஆளை இவர் சாமியை வைத்தே மடக்க வேண்டும் என்று, அடுத்த வார விடுமுறையில் ரயிலேறி மவுண்ட் ரோடு போய், அமெரிக்காக்காரர்கள் நடத்திய நூலகத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அந்த இங்கிலீஷ் தடுமாறும். கோபம் இருந்ததால் படித்துவிட்டேன்.

முதல் அடி அங்கேயே விழுந்தது. செர்ரி மரக் கதை நடக்கவே இல்லை. வாஷிங்டன் செத்த பிறகு அவர் வாழ்க்கையை எழுதி விற்ற ஒரு புத்தக வியாபாரி சேர்த்துவிட்ட கட்டுக்கதை அது. பொய் சொல்லக் கூடாது என்பதற்கு உலகமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கதையே ஒரு பொய்.

அடுத்தது அதைவிட நன்றாக இருந்தது. அவர் ஜனாதிபதியாகப் பிலடெல்பியாவில் குடியிருந்தார். வீட்டு வேலைக்குத் தன் அடிமைகளைக் கூட்டி வந்திருந்தார். அந்த மாகாணத்துச் சட்டப்படி அடிமை ஒருவர் அங்கே தொடர்ந்து ஆறு மாதம் இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் ஆவதற்குள் அவர்களை எல்லை தாண்டி அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்வார். கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவர்களுக்கும் தெரியக் கூடாது, ஊருக்கும் தெரியக் கூடாது, ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பு என்று காரியதரிசிக்கு எழுதியிருக்கிறார். எழுதிய வருஷம் 1791. சரியாக இருநூறு வருஷத்துக்கு முன்னால், பொய் சொல்லத் தெரியாத உத்தமர், பொய் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறார். நூலகத்தில் சத்தமாகச் சிரித்ததற்கு அங்கிருந்த அம்மா என்னை முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கு முன் இரண்டையும் கொட்டினேன். செர்ரி மரம் பொய் என்றபோது மாமாவின் முகம் கறுத்தது. அடிமைகளை அனுப்பிய கதைக்கு வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். அடி சரியான இடத்தில் விழுந்தது என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அக்கா கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஆறு மாசம் ஆவறதுக்கு முன்னாடியே அனுப்பிடுவாரா?”

“ஆமா மாமா.”

“வாஷிங்டனே?”

“அவரே.”

நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது அவருக்கு.

“யாரு முன்னாடி கற்பூரம் அணைச்சேனோ, அவரே இதைச் செஞ்சவரு மச்சான். அப்புறம் எனக்கு எப்படிப் பாவம் சேரும்?”

அக்கா இலை போட்டாள். மனுஷன் அன்றைக்கு இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டார். அப்புறம்தான் அக்கா என்னிடம் சொன்னாள். ஒரு மாதமாகவே அவருக்குத் தூக்கம் இல்லையாம். கற்பூரம் பட்ட உள்ளங்கை கூசுகிறது என்று ராத்திரியில் எழுந்து உட்காருவாராம். கிளியம்மாளை ஒரு போட்டோ எடுத்துவரச் சொல், பர்மனென்ட் கார்டில் ஒட்ட வேண்டும் என்று அப்பாவுவிடம் சொல்லிக்கூட வைத்திருந்தாராம். மனுஷனை வெட்கப்பட வைக்கலாம் என்று போனேன். அதற்கு வெட்கம் என்ற ஒன்று முதலில் இருக்க வேண்டுமே! அவரிடம் இருந்ததெல்லாம் பயம். அந்தப் பயத்தையும் சரித்திரம் போக்கிவிட்டது. புத்தக வியாபாரி கட்டிவிட்ட ஒரு பொய்தான் அதுவரை அவரைக் கொஞ்சமாவது கட்டிவைத்திருந்தது, அதையும் நானே அவிழ்த்துவிட்டேன்.

வாஷிங்டனை மொத்தமாகத் தூக்கிக் குப்பையில் போட நான் வரவில்லை. ராஜாவாக உட்கார்ந்திருக்கலாம், உட்காராமல் பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். அது லேசான காரியம் இல்லை. சாகும்போது தனக்குச் சொந்தமான அடிமைகளை விடுவிக்கும்படி உயிலும் எழுதினார், அதுவும் பெண்டாட்டி காலம் முடிந்த பிறகு என்று. உயிரோடு இருந்த காலமெல்லாம் உழைப்பை வாங்கிக்கொண்டு, தானும் அனுபவித்து, பெண்டாட்டியும் அனுபவித்த பிறகு தர்மம். நம் ஊரில் இதற்குச் செத்த பிறகு வாய்க்கரிசி என்பார்கள். பெரிய மனுஷர்கள் விட்டுப்போகும் சொத்தில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். நாற்காலியை விட்டு எழுந்த பாதி மாமாவின் கண்ணில் படவே இல்லை. இன்னொரு பாதியை அவர் யாரும் சொல்லித்தராமலே வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கிளியம்மாள் புதுப்புடவை கட்டி வந்திருந்தாள். காலையிலேயே படத்துக்கு ஒரு முழம் பூ வைத்திருந்தாள். கையில் ஒரு கவர் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. போட்டோ எடுத்து வந்திருந்தாள்.

மாமா பேச எழுந்தார். அந்த வருஷம் மரம் வெட்டவில்லை. இந்தப் படத்தில் இருக்கும் மகான், தன்னிடம் வேலை செய்தவர்கள்மேல் எவ்வளவு அக்கறை தெரியுமா, நாள் கூடுவதற்குள் அவர்களை ஊருக்கு அனுப்பி ஓய்வெடுக்க வைப்பார், அவர் வழிதான் என் வழி என்றார். கிளியம்மாளும் நாளையிலிருந்து ஓய்வெடுக்கட்டும் என்று முடித்தார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. யாரும் கை தட்டவில்லை. அப்பாவு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளியம்மாள் படத்தைப் பார்த்தாள்.

“மகான்றீங்க. இவங்க அம்மா இல்லையா?”

ஆம்பளை, அமெரிக்காவுக்கே முதல் ஜனாதிபதி என்றார் மாமா, பெருமையாக. பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“ஸ்டேஷன் சார், நீங்க படிச்சவரு. அப்படி ஊருக்கு அனுப்பினவங்க அப்புறம் இன்னா ஆனாங்க?”

மாமா என்னை முறைத்தார். அவர் முறைத்ததற்காகவே சொன்னேன்.

“திரும்பத் திரும்ப வந்து வேலை செஞ்சாங்க. ஒருத்தி மட்டும் வரலை. அவரு வீட்டுல தையல் வேலை செஞ்சவ. வீட்டுக்காரங்க சாப்பிட்டுகினு இருந்தப்போ வாசல் வழியாவே போயிட்டா. ஆளு மேல ஆளு அனுப்பிப் பாத்தாரு. கடைசி வரைக்கும் அவரு கையில சிக்கலை.”

அவள் போய்ப் படத்திலிருந்து தான் வைத்த பூவை எடுத்தாள். அதைத் தன் தலையில் செருகிக்கொண்டாள். சுண்டல் பொட்டலத்தை மிஷின்மேல் வைத்துவிட்டு, கவரோடு வெளியே போனாள். ஓய்வு முடிந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று மாமா பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை அவள்.

அவள் மிஷினில் நின்ற சின்னப் பெண் இரண்டே மாதத்தில் கல்யாணமாகிப் போய்விட்டது. பொங்கலுக்கு முன் அவசர ஆர்டர். மாமா அப்பாவுவை மணிமங்கலத்துக்கு அனுப்பினார். கிளியம்மாள் படப்பையில் புதிதாக மனை போட்ட இடத்தில் கட்டடத்துக்குக் கலவை சுமந்துகொண்டிருந்தாள். மிஷின் வேலையைவிடக் கஷ்டம், கூலியும் குறைவு, வேலை இருக்கும் நாளில்தான் கூலி. அவளுக்கு அதில் விடிவு ஒன்றும் வந்துவிடவில்லை. வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். மறுபடி ஆள் போனது. மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை மாமாவே ஸ்கூட்டரில் போய்க் கீழே நின்று, பர்மனென்ட் பற்றி யோசிக்கலாம் வா என்றாராம். அவள் சாரத்தின்மேல் நின்று சட்டியை அடுத்த கைக்கு மாற்றிவிட்டு, தள்ளி நில்லுங்க சார், மேல கொட்டிடப்போவுது என்றாளாம்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா சட்டையில் சிமெண்ட் தூளோடு வந்து உட்கார்ந்தார். நிஜமாகவே மனம் நொந்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான் அவளுக்கு இன்னா கொறை வெச்சேன் மச்சான்? ஒரு கொறை சொல்லு பார்ப்போம். காரணமே இல்லாம வுட்டுட்டுப் போய்ட்டா.”

அந்தத் தையல்காரி ஓடிப்போனபோது வாஷிங்டன் வீட்டார் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அவள் போவதற்கு ஒரு காரணமும் இல்லை என்று அதில் போட்டிருந்தார்கள். அதை நான் அன்றைக்கே நூலகத்தில் படித்தேன். மாமாவிடம் மட்டும் சொல்லவே இல்லை.